எண் எங்கிருந்து வந்தது?
கல்லூரி மாணவர்க்குப் புள்ளியியல் கற்பிக்கும் முறை பற்றி, வெள்ளி விழாவில் ஆற்றிய உரை

அவைத் தலைவர் அவர்களே, நம் கல்விச் சங்கத்தின் ஆட்சிக்குழுப் பெருமக்களே, இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் இக்கூடத்திற்குச் செங்கல் சுமந்த பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் பின்வரிசையிலேயே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவ மாணவியரே!

எனக்குத் தரப்பெற்ற தலைப்பைக் கண்டு உங்களுள் சிலர் வியந்திருக்கலாம். பல்கலைக்கழக மாணவர்க்குப் புள்ளியியலை எவ்வாறு கற்பிப்பது என்பதனைப் பேராசிரியர் ஒருவரன்றோ பேச வேண்டும்? அரசுப் பள்ளித் தலைமையாசிரியன், அதிலும் பி.ஏ., பி.எட். மட்டுமே படித்தவன், இதில் சொல்ல என்ன இருக்கிறது? அந்த ஐயம் எனக்கும் இருந்தது. ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. ‘நம் பிள்ளைகள் கல்லூரியில் எந்தத் தாளில் அதிகம் தோற்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்; ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு உங்களிடந்தானே வருகிறார்கள்?’ என்றார். அது உண்மை. பொருளியல் படிப்பவர், வணிகவியல் படிப்பவர், உளவியல் படிப்பவர் என யாராயினும் பாடத்திட்டத்தில் எங்கேனும் ஓரிடத்தில் புள்ளியியல் தாள் ஒன்று வழிமறித்து நிற்கிறது. அத்தாளில் ‘அரியர்’ விழுந்து, அதனை எழுதியெழுதிச் சலித்துப் பட்டமே வேண்டாவென்று தறிக்கும் கம்பெனிக்கும் போய்விட்ட பிள்ளைகளை நான் அறிவேன். ஒரு தாள் ஒரு குடும்பத்தின் முதற் பட்டத்தைத் தடுத்துவிடுமாயின், அத்தாளைக் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேச ஊரில் எவர்க்கும் உரிமையுண்டு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.ஏ. பொருளியல் படித்த நாளில் எனக்கும் அத்தாள் இருந்தது. கல்லூரியின் பெயர் வேண்டா. ஆசிரியர் வருவார், கரும்பலகையில் சூத்திரத்தை எழுதுவார், கீழே இருபது எண்களை எழுதுவார், அவற்றிற்குத் திட்ட விலக்கம் காணச் சொல்வார். அந்த எண்கள் எவற்றின் எண்கள் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மாணவரின் மதிப்பெண்ணா, மாட்டின் எடையா, மழையின் அளவா? எதுவாயின் என்ன, விடை நான்கு புள்ளி மூன்று ஏழு. நான் சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன்; அறுபத்தெட்டு மதிப்பெண் பெற்றேன்; தேர்வு முடிந்த மறுவாரமே மறந்தேன். திட்ட விலக்கம் என்றால் என்னவென்று அன்று எவரேனும் என்னைக் கேட்டிருந்தால், வர்க்கமூலக் குறியை வரைந்து காட்டியிருப்பேனேயன்றி ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன்.

புள்ளியியலை நான் கற்றது பிறகு, கல்லூரியிலன்று, தெருவில். அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி வரும் என்பதனை நீங்கள் அறிவீர்கள். 2011 பிப்ரவரியில் ஒரு நெசவுச் சிற்றூரில் எனக்குப் பணி. ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் தறிக்குழியில் அமர்ந்தவாறே விடை சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியின் தொழில் என்னவென்று கேட்டேன். ‘அது சும்மாத்தாங்க சார் வீட்ல இருக்குது’ என்றார். அவர் அப்படிச் சொல்லும்போதே அந்த அம்மையார் திண்ணையில் அமர்ந்து இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றால் இவர் தறி நின்றுவிடும்! எனினும், நான் தலையைக் குனிந்தபடி ‘வேலை இல்லை’ என்று எழுதியிருப்பேனாயின், இந்தியத் திருநாட்டின் கணக்கில் அந்த அம்மையார் உழைக்காதவராகவே பதிந்திருப்பார். இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்டேன்: ‘இந்தத் தாரை யாரம்மா சுற்றுவது? ஆண்டில் எத்தனை மாதம்?’ அந்த ஒரு கேள்வியால் அவர் தொழிலாளியானார். ஆறு திங்கள் அல்லது அதற்கு மேல் உழைத்தால் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுங்காலத் தொழிலாளர் என்பது கணக்கெடுப்பின் விதி.

அதே தெருவில் மற்றொரு வீடு. ஒரு மூதாட்டி. ‘எழுதப் படிக்கத் தெரியுமா?’ என்றேன். பேரன் முந்திக்கொண்டு, ‘ஆயா கையெழுத்துப் போடும் சார், தெரியும்னே போட்டுக்குங்க’ என்றான். விதியோ வேறு. ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் இயல வேண்டும். கையெழுத்து மட்டும் போதாது. அந்த ஆயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘எழுத்தறிவற்றவர்’ என்னும் குறியீட்டை இட்டேன். கை கூசிற்று. ஆனால் அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. நூற்றுக்கு இத்தனை என்று நூல்களில் நாம் காணும் ஒவ்வோர் எண்ணும், எங்கோ ஒரு திண்ணையில், யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்கு, யாரோ ஒருவர் சொன்ன விடை. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், விடையை எந்த விதிப்படி எழுதினார் என்பதனை விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குச் சராசரி காண்பதில் என்ன பயன்?

ஆதலின் நான் சொல்ல வந்தது இதுதான். நம் கல்லூரிகளில் புள்ளியியலைத் தலைகீழாக நடத்துகிறோம். சூத்திரம் முதலில் வருகிறது. எண் பிறகு வருகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி வருவதேயில்லை. இதைத் திருப்பிப் போட வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த கொள்கையன்று. நம் நாட்டில் இக்கலையை வளர்த்த பெருமக்கள் யாவரும் இவ்வழியில்தான் வளர்ந்தார்கள். கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசந்த சந்திர மகலனோபிஸ் இயற்பியல் பேராசிரியர். வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்பதனை அறிய ஆட்களை வயலுக்கு அனுப்பினார். சிறு துண்டு நிலத்தை அளந்து, அதில் விளைந்ததை அறுத்து எடை போட்டு, அதைக்கொண்டு முழு விளைச்சலைக் கணிப்பது அம்முறை. அதில் ஒரு வேடிக்கையான பிழை தென்பட்டது. துண்டு சிறிதாக இருக்க இருக்க, கணித்த விளைச்சல் கூடிக்கொண்டே போயிற்று! காரணம், எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் செடியை அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொண்டுவிடுகிறார். துண்டு சிறிதானால் உட்பரப்புக்கு எல்லை மிகுதி. ஆகவே பிழையும் மிகுதி. நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வளர்ந்த நம் பிள்ளைகட்கு இதைச் சொன்னால் அக்கணமே புரிந்துகொள்வார்கள். ‘ஒருபுறச் சாய்வு’ என்று புத்தகத்தில் போட்டால் புரிவதில்லை.

அந்நிறுவனத்தில் பயின்று உலகப் புகழ் பெற்ற சி. ஆர். ராவ் அவர்கள் 2023-இல் தம் நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். கேம்பிரிட்ஜில் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? சூடானில் தோண்டியெடுத்த பழங்கால மனிதரின் எலும்புகளை அருங்காட்சியகத்தில் அமர்ந்து அளப்பது. அளந்த எலும்பிலிருந்துதான் அவருடைய ஆய்வு பிறந்தது. அவர் தம் நூலொன்றில் சொல்லும் ஒரு நிகழ்ச்சியை என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

1947. பிரிவினைக் கலவரத்தில் தில்லிச் செங்கோட்டைக்குள் ஏராளமான மக்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவர்கட்கு உணவு வழங்கும் பொறுப்பைக் குத்தகைக்காரர்களிடம் அரசு விட்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் என்பது அரசுக்குத் தெரியாது. குத்தகைக்காரர் கொடுக்கும் பட்டியல்படி பணம் கொடுத்தாக வேண்டும். செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே சென்று தலை எண்ணவும் இயலாத நிலை. புள்ளியியலாரை அழைத்தார்கள். அவர்களிடம் இருந்தது குத்தகைக்காரரின் பட்டியல் மட்டுமே: இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு. ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு உண்பார் என்பது முன்னரே செய்த ஆய்வுகளால் தெரியும். ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஒரே விடையைத் தரவேண்டுமன்றோ? தரவில்லை. அரிசியின்படி மிகப் பெரிய கூட்டம். உப்பின்படி மிகச் சிறிய கூட்டம்.

இவ்விடத்தில் நிறுத்தி, ‘எதை நம்புவீர்கள்?’ என்று பிள்ளைகளைக் கேட்பேன். கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கலாம் சார்’ என்பார்கள். அதுதான் பாடப்புத்தகம் செய்த தீங்கு. ஆனால் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், கல்லூரிப் பக்கமே போகாதவன், ஒருமுறை எட்டிப் பார்த்துச் சொன்னான்: ‘உப்புதான் சார். உப்புல பொய் எழுதி எவனுக்கு என்ன லாபம்?’ அதுவே சரி. அந்நாளில் அரிசி விலையுயர்ந்தது. கூட்டி எழுதினால் கொள்ளை ஆதாயம். உப்பு மலிவு, அதில் கூட்டி எழுத எவர்க்கும் ஆசை வராது. புள்ளியியலார் உப்பை நம்பினார்கள். சராசரி காண்பதற்கு முன், பொய் சொல்ல யாருக்குக் காரணம் இருக்கிறது என்று பார்த்தார்கள்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நம் வரலாற்றின் முக்கியமான கட்டமொன்று இக்கேள்வியில்தான் நின்றது. நம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரும் அண்ணல் அம்பேத்கரும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம்மவர்க்காக வாதாடியதனை அறிவீர்கள். அதனைத் தொடர்ந்து 1932-இல், யார் யாருக்கு வாக்குரிமை என்று ஆராய லோதியன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு வந்தது. அண்ணல் அதில் உறுப்பினர். தீண்டப்படாதார் எத்தனை பேர் என்னும் கேள்வி எழுந்தது. எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் சட்டமன்ற இடங்கள் என்பதனால் எண் திடீரென்று விலையுயர்ந்த பொருளாயிற்று. அரிசியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய மாகாணத்தில் தீண்டப்படாதார் 126 இலட்சம் என்றது மக்கள்தொகைக் கணக்கு. மாகாண அரசு 68 இலட்சம் என்றது. மாகாண வாக்குரிமைக் குழுவோ 6 இலட்சம் என்றது! வங்காளத்தில் கணக்கெடுப்பின்படி 103 இலட்சம். மாகாண அரசின்படி 112 இலட்சம். மாகாணக் குழுவின்படி வெறும் 70,000. ஒரு கோடிப் பேர் ஒரே காகிதத்தில் காணாமற் போனார்கள்.

அவர்கள் எங்கும் போகவில்லை. கிணற்றடியில் தள்ளி நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மாறியது வரையறை. ‘தீண்டப்படாதவர் என்றால் யார்?’ என்னும் வரியைச் சற்றுச் சுருக்கினால் மனிதர்கள் சுருங்கிப்போவார்கள். அண்ணல் இதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டி, இடங்களில் பங்கு கேட்கும்வரை எவரும் மறுக்காத எண்ணிக்கையைப் பங்கு கேட்டவுடன் மறுத்தார்கள் என்று எழுதினார். பொருளியல் படித்தவர் அவர். எண்ணின் பிறப்பிடத்தைத் தேடிப் போகத் தெரிந்திருந்தது. புள்ளியியல் முதலாண்டு மாணவனுக்கு ‘வரையறையும் தரவு திரட்டலும்’ என்று ஒரு பாடம் உண்டு. இரண்டு பக்கம் இருக்கும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும். ஆசிரியர் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லித் தாண்டிவிடுவார். அந்த இரண்டு பக்கத்திற்குள்தான் ஒரு கோடிப் பேர் காணாமற் போனார்கள்.

நிற்க. சூத்திரமே வேண்டா என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். சூத்திரம் வேண்டும், கேள்விக்குப் பின் வரவேண்டும். சராசரியை எடுத்துக்கொள்வோம். ஒரு தெருவில் பத்து வீடு என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வீட்டில் கூலிக்குத் தறி நெய்து திங்களுக்கு எண்ணாயிரம் ரூபாய் பெறுகிறார்கள். பத்தாவது வீடு பட்டு முதலாளியுடையது. அவர்க்கு ஓர் இலட்சத்து இருபத்தெண்ணாயிரம். கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி வருமானம் இருபதாயிரம். ‘இத்தெருவில் வறுமை இல்லை’ என்று அதிகாரி எழுதிவிடலாம், கணக்கில் தவறில்லை! ஆனால் இருபதாயிரம் வாங்கும் வீடு அத்தெருவில் ஒன்றுகூட இல்லை. வருமானத்தை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் எண்ணாயிரம். அதற்குத்தான் இடைநிலை அளவு என்று பெயர். இவ்வளவு சொன்னபின் சூத்திரத்தை எழுதுங்கள். எந்தப் பிள்ளையும் மறவாது. திட்ட விலக்கமும் அப்படியே. அந்தப் பத்து வீடும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பதன் அளவு அது. இதை எனக்கு ஒருவர் பத்தொன்பது வயதில் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அடுத்தது கூறெடுத்தல். முழுவதையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்து முழுமையை அறிவது. ஜரிகை வாங்கும் நெசவாளர்க்கு இது தெரியும். ஒரு மார்க் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்றறிய முழுவதையும் உருக்கினால் நெய்வதற்கு என்ன மிஞ்சும்? சிறிது வெட்டித்தான் பார்க்க வேண்டும். நம் பாட்டிமார் இதனை ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள். கல்லூரி ஆசிரியர்கள் இப்பழமொழியைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்குவார்களாயின் நன்று. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் தீது. ஒரு சோறு பதமாவது எப்போது? ஒரே அடுப்பில், ஒரே நீரில், எல்லா அரிசியும் ஒன்றாய்க் கொதிக்கும்போது. நம் சிற்றூர் ஒரே பானையா? ஊர் ஒருபுறம், காலனி ஒருபுறம். நடுவே வயலோ வாய்க்காலோ சாலையோ இருக்கும். ஊர்த் தெருவில் பத்து வீட்டைப் பார்த்துவிட்டு ‘இவ்வூரில் எல்லா வீட்டிலும் குடிநீர்க் குழாய் உண்டு’ என்று எழுதிச் சென்றவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு பானையானால் இரண்டிலும் சோறெடுக்க வேண்டும். வேறுபட்ட பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கூறெடுக்கும் முறையைப் புத்தகம் மூன்றாம் அலகில் வைத்திருக்கிறது. நம் மாணவர் அதனை முதல் நாளே அறிவார். அறிந்ததையே படிக்கிறோம் என்பதுதான் அவர்க்குத் தெரிவதில்லை.

நிகழ்தகவு என்றால் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். அதற்கு நான் செய்வது மிக எளிது. ஒரு பையில் எழுபது புளியங்கொட்டையும் முப்பது ஆமணக்குக் கொட்டையும் போட்டுக் குலுக்குவேன். ஒவ்வொரு பிள்ளையும் பார்க்காமல் ஒரு கொட்டை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்கி, இவ்வாறு பத்து முறை எடுக்க வேண்டும். பத்தில் எத்தனை ஆமணக்கு? ஒருத்திக்கு மூன்று, ஒருவனுக்கு ஒன்று, மற்றொருத்திக்கு ஐந்து. அனைத்தையும் சுவரில் கட்டம் கட்டமாக வரைவோம். மூன்றைச் சுற்றிக் குன்று போல் எழும். பிறகு நாற்பது முறை எடுக்கச் சொல்வேன். அப்போது நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு வரைந்தால், குன்று ஒடுங்கி நிற்கும். நான்கு மடங்கு எடுத்தால் சிதறல் பாதியாகும், நான்கில் ஒன்றாகாது. உழைப்பு எத்தனை மடங்கோ துல்லியமும் அத்தனை மடங்கு என்று எண்ணியிருந்த பிள்ளைகள் இதைக் கண்டு திகைப்பார்கள். கூறின் அளவுக்கு மேல் ஏன் வர்க்கமூலம் வருகிறது என்பதனைக் கொட்டை சொல்லிவிடும். செலவு ஏதுமில்லை, கொட்டையை ஆயாமார் திரும்பக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

மேல்நாட்டிலும் இப்போது இப்பக்கம்தான் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் கல்லூரித் தொடக்கப் பாடத்திற்கென ஒரு வழிகாட்டியை 2005-இல் ஏற்று, 2016-இல் திருத்தி வெளியிட்டது. கருத்து விளங்கக் கற்பியுங்கள், உண்மையான தரவுகளை அவற்றின் சூழலோடும் நோக்கத்தோடும் கொடுங்கள், மாணவரைச் செய்ய வையுங்கள், கணக்கிடும் வேலையைக் கணிப்பொறிக்கு விடுங்கள் என்பன அதன் சாரம். நம் தேர்வுக் கூடத்திலோ இன்னும் இருபது எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவதற்கே மூன்று மணி நேரத்தில் பாதி போய்விடுகிறது. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி அதனை ஒரு நொடியில் செய்யும். மனிதன் செய்ய வேண்டியது, வந்த விடையைப் பார்த்து ‘இது எப்படி இருக்க முடியும்?’ என்று கேட்பது. அதற்கு மதிப்பெண் இல்லை.

கேட்கும் பழக்கத்தைப் பற்றி ஒன்று. சி. ஆர். ராவ் கல்கத்தாவில் இளம் ஆசிரியராயிருந்தபோது, ஒரு முடிவைப் பெருங்கூறுகளுக்கு நிறுவிக் காட்டினார். தண்டேகர் என்னும் மாணவர் எழுந்து, ‘சிறு கூறுகளுக்கு இது பொருந்தாதா?’ என்றார். ஆசிரியர்க்கு விடை தெரியவில்லை. அன்றிரவு முழுவதும் அமர்ந்து விடை கண்டார். 1945-இல் அச்சான அம்முடிவு இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது. கேட்ட மாணவரும் சாமானியரல்லர். இந்தியாவில் வறுமையை அளந்து, நீலகண்ட ரத்துடன் சேர்ந்து 1971-இல் பெயர்பெற்ற நூல் எழுதிய வி. எம். தண்டேகர் அவரே. நம் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து கேட்பதில்லை. ஆங்கிலம் தடுக்கிறது, முதல் தலைமுறைக் கூச்சம் தடுக்கிறது, சில இடங்களில், கேட்டால் கிடைக்கும் ஏளனப் பார்வை தடுக்கிறது. ஒட்டுறவு, முகடு, முழுமைத்தொகுதி என நம் மேனிலைப் பள்ளி நூல்களில் நல்ல தமிழ்ச்சொற்கள் உள்ளன. ஐயத்தை முதலில் தமிழில் கேட்கவிட்டுப் பிறகு ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், அரை ‘அரியரை’ அப்போதே தீர்த்துவிடுகிறார்.

இனி, இளைஞர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. தமிழ்நாட்டில் எழுத்தறிவு 2001-இல் 73.5 விழுக்காடு, 2011-இல் 80.1. பட்டியல் சாதியாரிடையே 2001-இல் 63.2, 2011-இல் 73.3. பத்து விழுக்காடாய் இருந்த இடைவெளி ஏழுக்கும் கீழே வந்திருக்கிறது. மகிழலாம். ஆனால் மகிழ்வதற்கு முன் கேளுங்கள்: இது யாரிடையே? ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவரிடையே. 1991-க்கு முன் வேறு வயதுக்கணக்கு. ஆகையால் பழைய அட்டவணையை இதனோடு நேரே ஒட்டாதீர்கள். பள்ளி ஒன்றும் செய்யாவிட்டாலும், படிக்காத முதியோர் மறைய மறைய விழுக்காடு தானே ஏறும். அதனைக் கழித்துப் பார்த்தீர்களா? பெண்களைப் பிரித்துப் பார்த்தீர்களா? நம் பெண்களிடையே 2011-இல் 65.6, மூவரில் ஒருவர்க்கு எழுத்தில்லை. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் உங்கள் திண்ணைக்கு வருவார். தார் சுற்றும் தாயை ‘சும்மா இருக்குது’ என்று சொல்லிவிடாதீர்கள். கைத்தறிக் கணக்கெடுப்பிலும் இதுவே நிலை. நாடு முழுவதும் துணைத்தொழிலாளரையும் சேர்த்து 2009-10-இல் 43.31 இலட்சம் பேர், 2019-20-இல் 35.22 இலட்சம் பேர். அவர்களுள் பெண்களே மிகுதி. தறியை விட்டுப் போனவர் எத்தனை, கணக்கிலிருந்து மட்டும் போனவர் எத்தனை என்று ஆராய நம்முள் ஒருவர் புள்ளியியல் படித்திருக்க வேண்டாவா?

முடிக்குமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபிரகாம் வால்ட் என்பவர் ஐரோப்பாவில் பிறந்த யூதர். பிறப்பின் காரணமாகத் தம் நாட்டில் பல்கலைக்கழகப் பதவி கிட்டாது, பின்னர் இட்லரின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்றவர். இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்கு எங்கே கவசம் பூட்டுவது என்னும் சிக்கல் அவரிடம் வந்தது. போர்க்களத்திலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை எண்ணி வைத்திருந்தார்கள். துளை மிகுந்த இடத்தில் கவசம் போடுவோம் என்றுதான் எவர்க்கும் தோன்றும். வால்ட் வேறு விதமாகக் கணக்கிட்டார். இவை திரும்பி வந்த விமானங்கள். அவ்விடத்தில் துளைபட்டும் திரும்பியவை. திரும்பாதவை எங்கே அடிபட்டன என்பதே கேள்வி. வந்தவற்றில் துளை இல்லாத இடம் எதுவோ, அங்கு அடிபட்டவை வரவேயில்லை. அப்பேரறிஞர் 1950 டிசம்பரில் நம் நாட்டிற்குச் சொற்பொழிவாற்ற வந்து, நீலகிரியில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியோடு மாண்டார். நம் மலையில் உயிர்விட்டவரை நம் கல்லூரிப் பிள்ளைகள் அறியார்.

இவ்வெள்ளி விழா மலருக்காகச் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினேன். பட்டம் பெற்றோர், அரசுப் பணி பெற்றோர், ஆசிரியரானோர் என்று அழகாகப் பட்டியலிட்டு, ஒளிப்படமும் ஒட்டியிருக்கிறோம். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. இவர்கள் எப்படி வென்றார்கள் என்று கேட்டு, அதன்படி உதவித்தொகையை அமைக்கலாம் என்று குழுவில் ஒரு கருத்தும் வந்தது. அவர்கள் திரும்பி வந்த விமானங்கள், ஐயா! எட்டாம் வகுப்பில் நின்றவர், பன்னிரண்டில் நின்றவர், ஒரு புள்ளியியல் தாளில் நின்றவர் எவர் பெயரும் நம் ஏட்டில் இல்லை. இருபத்தைந்து ஆண்டும் நாம் எண்ணாமல் விட்டது அவர்களைத்தான். நானும் இக்குழுவில் பதினான்கு ஆண்டு இருந்தவன். என் தவறும் இதில் உண்டு.

சென்ற ஆண்டு, இரண்டு முறை அத்தாளில் தோற்றிருந்த மாணவி ஒருத்தியையும் அவள் தோழியர் இருவரையும் நம் தெருக்களிலேயே கணக்கெடுக்க அனுப்பினேன். முதல் நாளே சண்டையோடு திரும்பினார்கள். ‘படிப்பை நிறுத்தியவர் என்றால் யார் சார்? ஒரு தாள் பாக்கி வைத்துக்கொண்டு மறுபடி எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டே மூன்றாண்டாகக் கம்பெனிக்குப் போகிறவன் நிறுத்தியவனா, படிக்கிறவனா?’ ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். அவர்கள் வரையறை எழுதினார்கள், அடித்தார்கள், மீண்டும் எழுதினார்கள். அப்போது அம்மாணவி, ‘இதுதான் சார் அந்தப் பாடமா?’ என்றாள். அத்தாளை அவள் இவ்வாண்டு தேறிவிட்டாள். கணக்கெடுப்புதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தியைக் கொண்டு முடிவு கட்டக்கூடாதென்று அவளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அக்கணக்கு இன்னும் முடியவில்லை. கீழைத் தெருவும் ஏரிக்கரை வீடுகளும் எஞ்சியிருக்கின்றன. இக்கூடத்தின் வாசலில் மேசைமேல் நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். படிப்பு இடையில் நின்றுபோன உங்கள் வீட்டார் பெயரையும், எந்த வகுப்பில் எந்த ஆண்டில் நின்றது என்பதையும், தெரிந்தால் காரணத்தையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். பெயர் எழுத விருப்பமில்லாதவர் தெருவை மட்டும் எழுதினாலும் போதும். முதல் வரியில் என் தம்பி இருக்கிறான்; ஒன்பதாம் வகுப்பு, 1987. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எண்ணத் தொடங்குகிறோம். கையில் பேனா உள்ளவர்கள் வரலாம்.